வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு பேர் குடும்பம் எந்த ஊருக்குக் குடிபோவது?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். மாமனார், மாமியார், அவர்களுடைய மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், நான்கு பிள்ளைகள் என மொத்தம் 12 பேர். அடுத்தடுத்த இரண்டு அறைகள்தாம் எங்கள் வீடு. நான் மூத்த மருமகள். என் கணவருக்கு வடாலா லாரி நிலையத்தில் வேலை. நடுக் கொழுந்தனார் வாஷி மார்க்கெட்டுக்கும் சின்னவர் அந்தேரிக்கும் போகிறார்கள். சின்னவரின் மனைவி செம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்று மாதம் பன்னிரண்டாயிரம் வரை சம்பாதிக்கிறேன். மாமனாருக்கு 74 வயது, இதய நோயாளி. மாதம் ஒருமுறை சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. என் மகள் வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். ஊரில் நிலம் விற்ற பணம் 30 லட்சம் இருக்கிறது. நான்கு பேர் சம்பளத்தில் மாதம் 60,000 வரை தவணை கட்ட முடியும் என்கிறார்கள். பத்லாபூரில் மூன்று படுக்கையறைகள் கொண்ட ஒரு பிளாட்டைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டு ஆண்கள் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஆனால் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, சயான் கோலிவாடா

பதில்: காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, சகோதரி. வடாலா, வாஷி, செம்பூர் மூன்றும் புறநகர் ரயிலின் ஹார்பர் லைன் நிலையங்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் கோலிவாடாவின் குரு தேக் பகதூர் நகர் நிலையமும் அதே தடத்தில்தான் இருக்கிறது. வெளியே போய்ச் சம்பாதிக்கும் நால்வரில் மூவருடைய பிழைப்பு ஒரே தண்டவாளத்தில் நடந்துகொண்டிருக்க, வீட்டை மட்டும் சென்ட்ரல் மெயின் லைனின் கோடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பத்லாபூர், தென் மும்பையிலுள்ள சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்திலிருந்து 68 கிலோமீட்டர். அங்கிருந்து ஃபாஸ்ட் வண்டியே கிடைத்தாலும் குர்லாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இறங்கி, அத்தனை கூட்டத்தோடு பாலம் ஏறி இறங்கி, ஹார்பர் வண்டிக்கு மாறினால்தான் வடாலாவோ செம்பூரோ போய்ச் சேரலாம். மாலையில் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். அப்போது பத்லாபூர் வண்டியில் குர்லாவிலிருந்து ஏறுவது எப்படிப்பட்டது என்பதை, முடிவு எடுத்த ஆண்கள் ஒரு வாரம், சனிக்கிழமை நீங்கலாக, ஏழு மணி வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசல் மிகுந்த வண்டிகளிலிருந்து பயணிகள் தவறி விழுந்து உயிரிழந்தது அந்தத் தடத்தில்தான். நர்ஸ் வேலை பார்க்கும் உங்கள் ஓரகத்தி இரவு ஷிப்ட் முடிந்து எந்த வண்டியில் வருவார் என்று யாராவது கேட்டார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பத்லாபூரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலையும் பசுமையும் உள்ள ஊர் அது. அங்கிருந்தே புறப்படும் வண்டிகளும் உண்டு என்பதால் தாதரிலோ ஃபோர்ட் பகுதியிலோ வேலை பார்ப்பவர்கள் காலையில் உட்கார்ந்து போகலாம். ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் அங்கே நிம்மதியாக வாழ்கின்றன. உல்லாஸ் நதியை ஒட்டிய பகுதியை மட்டும் தவிர்க்க வேண்டும். 2005 ஜூலை வெள்ளத்தில் அந்த ஊர் பட்டது போதும். 2019 ஜூலையில் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நீருக்கு நடுவே நின்றதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஊர் நல்ல ஊர்தான். உங்கள் குடும்பத்தின் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிது. வீடு மாறும்போது நாம் எப்போதும் வெளியே போகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை மணி வண்டி, எத்தனை நிமிட நடை, பாஸுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுடைய கணக்கு. ஆனால் போகிறவர்களுக்கு அந்த ஊரில் இரவுத் தூக்கம் மட்டுமே. பகல் முழுவதும் அங்கே வாழப் போகிறவர்கள் உங்கள் மாமனாரும் மாமியாரும் நீங்களும் உங்கள் நடு ஓரகத்தியும் பிள்ளைகளும். எந்த ஊர் என்பதைத் தீர்மானிக்க உரிமையுள்ளவர்கள் அவர்களே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1996-இல் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலிக்கு ஒன்பது பேராகக் குடிபோனோம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அறைகள் மட்டும் தாராளமாக இருந்தன. கட்டியவர், கட்டடத்தில் குடியேறலாம் என்று நகராட்சி தரும் சான்றிதழ், அதாவது எல்லோரும் ஓ.சி. என்று சொல்வது, ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் அங்கே இருந்த ஏழு ஆண்டுகளிலும் அது வரவில்லை, முறையான நகராட்சி இணைப்பும் வரவில்லை. விடியற்காலை நாலே முக்காலுக்குக் குழாயில் முதலில் காற்று வரும். அந்தச் சத்தத்துக்கே விழித்துக்கொண்டு குடத்தை வைப்போம். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அதன் பிறகு நல்ல தண்ணீர், ஐந்தரைக்கு நின்றுவிடும். ஒன்பது பேருக்கு அந்த முக்கால் மணி நேரம்தான். மற்றதெல்லாம் டேங்கர். அதற்குக் கொடுத்த பணத்தை மாட்டுங்காவில் வாடகையாகக் கொடுத்திருக்கலாம் என்று என் கணவர் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்.

ஆனால் தண்ணீரைவிட என்னை வருத்தியது என் மாமியாரின் நிலைதான். மாட்டுங்காவில் அவருக்குக் காலையில் கோவில், வழியில் பூக்காரி, திரும்பும்போது மூன்று வீட்டுத் திண்ணையில் பேச்சு என்று ஒரு நாள் முழுவதும் இருந்தது. புதிய வீட்டில் நாலு மாடி இறங்கினால் ஏற முடியாது என்பதால் இறங்குவதையே விட்டுவிட்டார். பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொலைவில் போகும் வண்டிகளைப் பார்த்து, "இது கல்யாண் ஃபாஸ்ட்டா, கர்ஜத்தா?" என்று என்னிடம் கேட்பார். இரண்டு வருடம் அப்படியே கழிந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெரிய வீட்டை வாங்கினோம் என்று நினைத்திருந்தோம். முழங்கால் வலியுள்ள உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒற்றை வரியைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் கண்முன் வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடிக்கு மேல் எதையும் பார்க்கப் போகாதீர்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

ஆகவே ஹார்பர் லைனிலேயே தேடுங்கள். கார்கர், மானசரோவர், காந்தேஷ்வர், பன்வெல் என்ற கடைசி நான்கு நிலையங்களைச் சுற்றித்தான் உங்கள் தேடல் இருக்க வேண்டும். பன்வெல் புறப்படும் நிலையம். அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். குரு தேக் பகதூர் நகருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், நடுவில் எங்கும் மாற வேண்டியதில்லை. வாஷியும் செம்பூரும் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். வடாலா அடுத்த நிலையம். அந்தேரிக்குப் போகும் சின்னவருக்கு மட்டும் சிரமம்தான், அதை மறைக்க முடியாது. வடாலா வழியாக அந்தேரிப் பக்கம் நேரே போகும் ஹார்பர் வண்டிகள் சில உண்டு. மற்ற வேளைகளில் வடாலாவிலோ குர்லாவிலோ மாறியாக வேண்டும். ஆனால் நால்வருக்கும் சிரமம் என்பதைவிட ஒருவருக்குச் சிரமம் என்பது தேவலாம். அவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு ஈடாக வீட்டு வேலைகளில் வேறு ஏதாவது ஒரு சுமையை அவரிடமிருந்து இறக்கிவையுங்கள்.

கார்கரிலும் காமோட்டேயிலும் நிலையத்துக்கு அருகே உங்கள் தொகைக்குப் போதுமான இடம் கிடைப்பது கடினம். களம்போலி, புது பன்வெல் ஆகிய இடங்களில் நவி மும்பையை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ பல ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய சிறிய வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். களம்போலியிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஒரு நாளைக்கு இத்தனை பேர், இத்தனை தடவை என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். தளோஜா இன்னும் மலிவு, பேலாப்பூரிலிருந்து பேந்தர் வரை மெட்ரோவும் 2023 நவம்பரிலிருந்து ஓடுகிறது. ஆனால் தொழிற்பேட்டை பக்கத்தில் இருப்பதால் சில இரவுகளில் ரசாயன வாடை அடிப்பதாக அங்கே குடியிருப்பவர்கள் வருந்துகிறார்கள். இதய நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். இந்தப் பகுதியெல்லாம் 2016-இல் உருவான பன்வெல் மாநகராட்சியைச் சேர்ந்தது. மோர்பே அணையைச் சொந்தமாக வைத்திருக்கும் நவி மும்பை மாநகராட்சி வேறு. "நவி மும்பையில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை" என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டுவிட்டு பன்வெல் பக்கம் வீடு வாங்கியவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் டேங்கருக்காகக் காத்திருப்பது உண்டு. எனவே கட்டடத்தின் செயலாளரிடம் சென்ற மே மாதத்து டேங்கர் ரசீதுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கினால் காவலாளியிடமோ, வீட்டு வேலை செய்ய வரும் பெண்களிடமோ கேளுங்கள். அவர்களுக்கு எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு எத்தனை நேரம் தண்ணீர் வரும் என்பது மனப்பாடம்.

மூன்று படுக்கையறைகள் கொண்ட ஒரே வீடு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். ஒரே மாடியில், முடிந்தால் எதிரெதிரே, இரண்டு சிறிய வீடுகள் வாங்குங்கள். பன்னிரண்டு பேர் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே குளித்துக் கிளம்பும் வீட்டில் படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிடக் குளியலறை, கழிப்பறை எண்ணிக்கையே முக்கியம். இரண்டு வீடு என்றால் இரண்டு சமையலறை. ஒன்றில் சமையல், மற்றொன்றில் உங்கள் மாவு வேலை. இரண்டு மின் மீட்டர் இருப்பதால் கட்டணம் ஏறும் படிநிலைகளில் இரண்டும் கீழேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை பிள்ளைகள் வளர்ந்து, ஒரு கொழுந்தனார் தனியே போக விரும்பினால், சுவரை இடிக்காமல், மனத்தை முறிக்காமல் பிரிந்துகொள்ளலாம். ஒரே பெரிய வீட்டை வாங்கிவிட்டுப் பிரிக்க முடியாமல் அண்ணன் தம்பிகள் நீதிமன்றம் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்குக்கு வருவோம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 868 ரூபாய். 60,000 ரூபாய் தவணைக்கு 69 லட்சம் வரை கடன் வாங்க முடியும் என்றாலும் அந்த எல்லைக்குப் போகாதீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு மருத்துவமனைச் செலவு நிச்சயம். மாதம் 50,000 என்று நிறுத்திக்கொண்டால் கடன் சுமார் 57 லட்சம். கையிலிருக்கும் 30 லட்சத்தையும் சேர்த்து 87 லட்சம். இதில் 7 லட்சத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். முத்திரைத் தீர்வை இடத்தைப் பொறுத்து 6 அல்லது 7 சதவீதம்; 7 என்றே வைத்தால் 80 லட்சத்துக்கு 5,60,000 ஆகிறது. வாங்குபவர் பெண் மட்டுமே என்றால் மகாராஷ்டிரத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. அதாவது 80,000 ரூபாய் மிச்சம். கணவர் பெயரையும் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் வங்கியிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பதிவுக் கட்டணம் ஒரு பத்திரத்துக்கு அதிகபட்சம் 30,000. ஓ.சி. பெற்ற பழைய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சொசைட்டி, அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்களின் சங்கம், கேட்கும் பெயர் மாற்றுக் கட்டணம் 25,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் "நன்கொடை" என்று கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். சிட்கோ நிலம் பெரும்பாலும் குத்தகை நிலம் என்பதால் சிட்கோவின் ஒப்புதலுக்கும் அதன் கட்டணத்துக்கும் தனியே இடம் விடுங்கள்.

உங்களைப் போன்ற கூட்டுக் குடும்பங்கள் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சொல்கிறேன். பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே. ஆகவே ஒரே அடுப்பில் சமைத்தாலும் உங்கள் வீட்டு மூன்று தம்பதிகளும் திட்டத்தின் கண்ணில் மூன்று குடும்பங்கள். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் எங்கும் அந்தத் தம்பதியின் பெயரில் கல்வீடு இல்லாதிருந்தால் 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம் ஐந்து தவணைகளாக வரும். ஊரில் உள்ள வீடு மாமனார் பெயரில் இருக்கிறதா, மகன்கள் யார் பெயருக்காவது மாறிவிட்டதா என்று பட்டாவைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எப்போது போவது? உங்கள் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கும்வரை அவளை அசைக்கவே கூடாது. ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டுப் புதிய பள்ளியில் இடம் தேடி, புதிய ஆசிரியர்களோடு பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். அதனால் ஒட்டுமொத்தமாக இந்த மே மாதம் போகாதீர்கள். நடுக் கொழுந்தனார் குடும்பம் மட்டும் முன்னே போகட்டும். அவருக்கு வாஷியில் வேலை. பயணம் இப்போதைவிடக் கூடப் போவதில்லை. களம்போலியிலோ புது பன்வெல்லிலோ 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அங்கே கழிக்கட்டும். எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, மழை நாளில் ஆட்டோ வருகிறதா, எந்தக் கட்டடத்தில் கசிவு என்பதெல்லாம் ஆகஸ்டில் அங்கே இருந்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள். அவர் அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும், ஒரு பூக்காரியையும் ஒரு கோவிலையும் கண்டுபிடிக்கட்டும். தீபாவளி கழித்து வீட்டைப் பேசி முடித்து, மகளின் தேர்வு முடிந்த கையோடு மற்றவர்கள் போகலாம்.

உங்கள் மாவு வியாபாரத்தை யாரும் அற்பமாகப் பேச விடாதீர்கள். மாதம் பன்னிரண்டாயிரம் என்பது, மேலே சொன்ன வட்டிக் கணக்கில், கிட்டத்தட்ட 14 லட்சம் ரூபாய்க் கடனின் தவணை. கோலிவாடாவில் யார் வீட்டில் எத்தனை பாக்கெட் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். தென்னிந்தியர்கள் பரவலாக வாழும் பகுதிதான், இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் ஏராளம் என்பதால் ஆறு மாதத்தில் வாடிக்கை பிடித்துவிடலாம் என்று நம்புகிறேன். ஆனால் கோலிவாடாவின் இரைச்சலில் கேட்காத கிரைண்டர் சத்தம் அங்கே மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் கேட்கும். வீடு பேசும்போதே சொசைட்டியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறு வியாபாரப் பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். ஓரகத்தி முன்னே போயிருக்கும் அந்த ஓராண்டில் அவரிடம் வாரம் பத்துப் பாக்கெட் கொடுத்தனுப்பி அங்கே விற்கச் சொல்லுங்கள்.

மாமனாரின் மருத்துவத்தை உடனே மாற்ற வேண்டாம். பழகிய டாக்டர், பழைய கேஸ் பேப்பர் இரண்டும் பெரிய பலம். காலை நெரிசலில் மட்டும் கூட்டி வராதீர்கள். பதிவு நேரம் காலையில்தான் என்றால் முதல் நாள் மாலையே வந்து கோலிவாடாவில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. அவசரத்துக்குக் காமோட்டேயில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குடிபோன முதல் வாரத்திலேயே அவரை அங்கே ஒருமுறை காட்டி ஒரு பதிவை ஏற்படுத்தி வையுங்கள்.

கடைசியாக, நிலம் விற்ற 30 லட்சத்தில் மூன்று மகன்களுக்கும், மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் என்ன பங்கு என்பதை மாமனார் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கட்டும். தவணையை யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே நடக்கட்டும், கையில் ரொக்கமாக வேண்டாம். இதை மூத்த மருமகள் கேட்டால் தவறாகத் தோன்றும் என்று தயங்குவீர்கள். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மாமனாரிடம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நாலாசோபாராவில் இரண்டு பிளாட் சேர்த்து வாங்கினால் பெரிய தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் ஒன்பது பேர். ரெரா எண் இருக்கிறது, ஓ.சி. பிறகு வரும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், தாராவி

பதில்: வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையம் தரும் ரெரா எண் ஒன்றை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கல்யாண் டோம்பிவிலி மாநகராட்சியின் பெயரில் போலி அனுமதிக் கடிதங்களைக் காட்டி ரெரா பதிவு பெற்ற 65 கட்டடங்களை இடிக்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அவற்றில் வங்கிக் கடன் வாங்கிக் குடியேறியவர்களும் இருந்தார்கள். ஆகவே "பேங்க்கே லோன் கொடுக்கிறது" என்பதும் போதிய சான்று ஆகாது. நீங்கள் சொல்லும் அதே நாலாசோபாராவில் அகர்வால் நகரிப் பகுதியின் 41 சட்டவிரோதக் கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டன. அங்கே குடும்பங்கள் பீரோவையும் பாத்திரங்களையும் தெருவில் வைத்துக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் விராரில் அனுமதியின்றிக் கட்டிய கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து பலர் இறந்தார்கள்.

கட்டடத்தின் கட்டுமான அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு, அந்த எண்ணை வசாய் விரார் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் உங்கள் சொந்த வக்கீலைக் கொண்டு நேரில் சரிபார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 ஆண்டு வில்லங்கம் தேடச் சொல்லுங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள். வாயால் சொல்லும் சதுர அடியில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டு பிளாட் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பது, தவறு நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதும்தான். உங்கள் குடும்பம் 15 ஆண்டுகளுக்கு மேலாக மகாராஷ்டிரத்தில் இருப்பதற்கு ஆதாரம் இருந்தால் இருப்பிடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு, மாநில வீட்டுவசதி ஆணையமான மாடாவும் சிட்கோவும் வீடு ஒதுக்க நடத்தும் குலுக்கல்களுக்கு விண்ணப்பியுங்கள். விரார் போலிஞ்சில் மாடா கட்டிய வீடுகள் பல ஆண்டுகள் விற்காமல் கிடந்து, பிறகு முதலில் வருபவருக்கு முதலில் என்று விற்கப்பட்டன. ஒரு நிம்மதி, அங்கே கட்டடத்தின் அனுமதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

கேள்வி: வாடகைக்குப் போகலாம் என்று டோம்பிவிலியில் பார்க்கிறோம். எட்டுப் பேர் என்று சொன்னதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள். நால்வர் என்று சொல்லிவிட்டுப் பிறகு மற்றவர்களை அழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் புரோக்கர்.
– வாசகர், முலுண்ட்

பதில்: வேண்டாம். பொய் சொல்லிப் புகுந்த வீட்டில் உங்கள் பெற்றோர் காவலாளியின் கண்ணுக்குத் தப்பிப் படியேற வேண்டிவரும்; அந்த அவமானத்துக்கு அவர்களை ஆளாக்காதீர்கள். எட்டுப் பேரின் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதி, பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இத்தனை பேர் என்று காட்டிப் பேசுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அஞ்சுவது தண்ணீருக்கும் சத்தத்துக்கும்தான். தண்ணீர்க் கட்டணத்தில் ஆள் கணக்குப்படி கூடுதலாகத் தருகிறோம் என்று நீங்களே முன்வந்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். ஒப்பந்தத்தில் எட்டுப் பெயர்களும் இருக்கட்டும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. பதிவில்லாவிட்டால், தகராறு வரும்போது, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, நீங்கள் சொல்லும் நிபந்தனையே செல்லும். மாத வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகையை ஹெவி டிபாசிட்டாகக் கேட்பவரிடம், அந்த வீட்டின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டோம்பிவிலியில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதியை மட்டும் விலக்குங்கள். 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் அங்குள்ள ரசாயன ஆலைகளில் நேர்ந்த வெடிவிபத்துகளில் உயிர்கள் போயின, சுற்றுவட்டாரத்து வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

கேள்வி: அம்பர்நாத்துக்குக் குடிபோகிறோம். ரேஷன் கார்டை மாற்றும்வரை அரிசி கிடைக்காதா?
– வாசகி, ஆண்டாப் ஹில்

பதில்: கிடைக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டப்படி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்து ஆதாரும் இணைக்கப்பட்டிருந்தால், எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். முதியவர்களின் கைரேகை சில நேரம் பதிவதில்லை என்பதால் வீட்டில் இளையவர் ஒருவரின் ஆதாரையும் கார்டில் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஜூலைக் கடைசியில்தான் சாவி தருவார்கள். ஆடியில் குடிபோகக் கூடாது என்று பாட்டி பிடிவாதமாக இருக்கிறார். பத்துப் பேர் சாமான் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், செம்பூர்

பதில்: பாட்டி சொல்வதையே கேளுங்கள். இந்த ஊரில் ஆடி என்பது மழையின் உச்சம். பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் ஐப்பசி வரை காயாது. ஈரப் படிகளில் பீரோவைத் தூக்குபவர்களின் காலைப் பற்றியும் நினைக்க வேண்டும். ஆடி முடிய ஒரு மாதம்தான். விற்பவரிடம் பேசி ஆனியிலேயே ஒரு நாள் சாவியை வாங்கி, பாட்டியை அழைத்துப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் யாராவது ஒருவர் போய், சமையலறை மேல் சுவரையும் ஜன்னல் ஓரங்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால், பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே விற்பவரைக் கொண்டு பூசச் சொல்லலாம்.